மொட்டை மாடியில் ஒரு சங்கிலிக் கூடை

ஒரு விளையாட்டுச் சாமான் வாங்குவதற்கு எங்கள் வீட்டில் மூன்று மாதம் வாக்குவாதம் நடந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசு யூனிட் வைத்திருக்கிற வீட்டுக்குள் இரும்புச் சங்கிலியைக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. நான் கொண்டுவந்தேன். பிடிவாதக்காரி என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கியவள் நான். அந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. ஒரு குளிர் தேசத்தில் நாலு வருஷம் இருந்தோம். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பூங்கா. அதில் அங்கங்கே கம்பம் நட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு கம்பிக் கூடையும் அதற்கு மேல் வட்டமாகத் தொங்கும் சங்கிலிகளும் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு ஒன்றைத் தூரத்திலிருந்து எறிந்து எறிந்து கடைசியில் அந்தக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் கெட்டிக்காரர். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து மாங்காய் தின்றவள் நான். அந்தத் தட்டு சங்கிலியில் மோதிச் சலாரென்று கூடையில் விழுகிற சத்தத்துக்கு அடிமையாகிவிட்டேன். கடைசி இருபது இருபத்தைந்து அடியிலிருந்து கூடைக்குள் போடுவதற்குப் பட்டிங் என்று சொல்வார்கள். எனக்குக் கை நன்றாக ஓடியது அதில்தான்.

மாமனார் திடீரென்று தவறிப்போனார். வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த யூனிட் இவர் தலையில் விழுந்தது. ஒரே மகன், வேறு வழியில்லை. பெட்டியில் மூன்று தட்டுகளை மட்டும் புடவைகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டு ஊர் திரும்பினேன். முதல் இரண்டு வருஷம் மொட்டை மாடியில் அழுக்குத்துணிக் கூடையை வைத்து எறிந்து பார்த்தேன். தட்டு பொத்தென்று விழும். அதில் ஒரு ருசியும் இல்லை.

கூடை வாங்க வேண்டும் என்று நான் தவித்ததற்கு உண்மையான காரணம் விளையாட்டு மட்டும் இல்லை. எங்கள் தெருவின் அமைதி என்னைத் தின்றுகொண்டிருந்தது. வெயில் காலத்தில் பதினொரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் யாரும் மிக்ஸி போட மாட்டார்கள். டிவி ஓடினாலும் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். யாரும் சட்டம் போடவில்லை. பாதி வீடுகளில் ஒருவராவது யூனிட்டில் இருக்கிறார், அதனால் எல்லோரும் காது கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். தொலைவில் தம் என்று ஒன்று கேட்டுவிட்டால் போதும். எல்லோரும் வாசலுக்கு வந்து, புகை எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஆனைக்குட்டம் பக்கமா, நாரணாபுரம் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா என்று பார்த்து முடிப்பதற்குள் கையில் போன் வந்துவிடும்.

போன் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு செய்தவள் நான்தான். யூனிட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட் பக்கத்தில் வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுத்தான் போவார். எங்கே சத்தம் கேட்டாலும் இவர் நேரே கேட்டுக்கு வந்து, போனை எடுத்து என்னைக் கூப்பிட வேண்டும். "நான்தான். வெளியில நிக்கேன்" என்பார். நான் "சரி" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. என்னிடம் பேசி முடிக்காமல் கேட்டை விட்டு ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் குரலைக் கேட்பது எனக்கு இரண்டாம் பட்சம். வெடிமருந்து இருக்கும் அறைகளை விட்டு அவரைக் கேட்டுக்கு இழுத்து வருவதற்கு எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பக்கத்து யூனிட்டில் ஏதாவது ஆனால் எல்லா யூனிட்டுக்காரர்களும் வேனை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இவரும் ஓடுவார். ஆனால் என்னிடம் பேசிய பிறகுதான் ஓடுவார்.

கூடையைத் தேட உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது குடை மாதிரி மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் துணிக் கூடை. சங்கிலிக்குப் பதில் நைலான் பட்டைகள். ஒரு கையில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகலாம், சத்தமும் வராது. இவரிடம் படத்தைக் காட்டினேன்.

"நைலானா?" என்றார், நான் ஏதோ பாம்பைக் காட்டியதைப் போல.

யூனிட்டுக்கு நைலான் சேலை கட்டி வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உரசினால் மின்சாரம் ஏறும், ஒரு பொறி போதும். அது எனக்கும் தெரியும். "நம்ம மாடியில மருந்தா காயப்போட்டிருக்கோம்?" என்று கேட்டேன்.

"அதுக்கில்ல. வீட்டுல தினம் பார்த்துக் கண்ணு பழகிரும். பழகிட்டா அங்கன ஒரு நா கவனிக்காம விட்டுருவேன்."

அப்படியானால் சங்கிலி என்றேன். சங்கிலி இரும்பு, மோதினால் பொறி பறக்கும். யூனிட்டில் ஆணி, ஆப்பு, கரண்டி எதுவும் இரும்பில் கிடையாது, பித்தளையும் மரமும்தான். தலைமுடியில் குத்தும் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். இரும்பும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இவர் தண்ணீர் குடித்தார். நைலானும் ஆகாது, இரும்பும் ஆகாது என்றால் மூங்கில் கூடையா வாங்க முடியும்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் நான் உடுத்துவது, சமைக்கிற நேரம், மிக்ஸி போடுகிற நேரம் எல்லாவற்றையும் மருந்துதான் முடிவு செய்கிறது. நான் எறியப்போகிற தட்டையுமா அது முடிவு செய்ய வேண்டும்? "இந்த சீசனோட யூனிட்டைக் குத்தகைக்கு விட்டுருதேன்னு சொன்னீகளே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வருஷா வருஷம் வராத பதில் அது. மறுநாளே நான் முழு மூச்சாகத் தேட ஆரம்பித்தேன்.

துணிக் கூடை எங்கள் ஆடிக் காற்றுக்கு நிற்காது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போகும். அடுத்து, மூன்று காலில் நிற்கும் பன்னிரண்டு சங்கிலிக் கூடை. எடை குறைவு. ஆனால் ஒரே வரிசைச் சங்கிலி என்பதால் தட்டு நடுவில் புகுந்து பின்பக்கம் விழுந்துவிடும் என்று வாங்கியவர்கள் புலம்பியிருந்தார்கள். மூன்றாவது, உள்வட்டம் வெளிவட்டம் என இரண்டு வரிசையில் இருபத்துநாலு சங்கிலி. கனமான வட்ட அடிப்பாகம், உருட்டிக்கொள்ள சக்கரம், மூன்று துண்டாகக் கழற்றும் கம்பம். மழைக்கு உள்ளே எடுத்து வைக்கலாம். பூங்காவில் கேட்ட அதே சத்தம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்த அன்று இவரே, மாட்டிக் கொடுக்கச் சொல்லி யூனிட் போர்மேனை அனுப்பிவைத்தார். நாரணாபுரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். மாமனார் காலத்திலிருந்து இருப்பவர். காலையில் ஒவ்வோர் அறைக்கும் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று பார்த்து உள்ளே விடுவதும், சாயங்காலம் மிச்சமில்லாமல் கழுவிவிட்டார்களா என்று குனிந்து பார்ப்பதும் அவர்தான். இவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அந்த மனுஷரால்தான்.

அவர் முதலில் ஒரு சாக்கை விரித்தார். ஒவ்வொரு சங்கிலியாக எடுத்து, ஒன்று இன்னொன்றில் இடிக்காமல் சாக்கில் படுக்க வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக மேல்வளையத்தில் கொக்கி மாட்டினார். இருபத்துநாலு சங்கிலியும் மாட்டி முடிக்கும்வரை ஒரு சின்னச் சத்தம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் மூச்சு முட்டியது.

"ஏண்ணே, இது வெறும் மாடி" என்றேன்.

"தெரியும்மா. கை கேக்க மாட்டேங்கு."

நான் தட்டை எடுத்து எறிந்தேன். முதல் வீச்சே நடுச் சங்கிலியில் பட்டுச் சலாரென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மனுஷர் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வெட்கப்பட்டுச் சிரித்தார். உள்ளங்கையை என்னிடம் விரித்துக் காட்டினார். வேர்த்திருந்தது.

"இரும்பும் இரும்பும் மோதுற சத்தம் கேட்டாலே எனக்கு இப்படித்தாம்மா. சொன்னா கோவிச்சுக்கிடாதீக. இதக் கழட்டிட்டுப் பருத்திக் கயிறு கட்டித் தாரேன். தட்டு நல்லாவே நிக்கும். தெருவுல உள்ளவுகளுக்கும் காது கேக்கணும்லா?"

"எனக்கு இந்தச் சத்தந்தான் வேணும்" என்றேன். இப்போது நினைத்தால் அதை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அவர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பி நின்று, "வெயில் நேரத்துல மட்டும் வேண்டாம்மா" என்றார்.

அதை மட்டும் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகுதான் மாடிக்குப் போவேன். பத்தடியில் பத்து வீச்சு, பதினைந்து அடியில் பத்து, இருபதில் பத்து. சங்கிலி அலறும். அந்த அரை மணி நேரம் நான் எதையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக விறைத்துக்கிடந்த என் கழுத்து நரம்பு இளகியது. எதிர்வீட்டு அம்மா மட்டும் சத்தம் தொடங்கியதும் வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். பழகிவிடும் என்று நினைத்தேன்.

ஆனி வந்தது. குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் எங்கள் பக்கம் மழை எட்டிப் பார்க்காது, மேகமும் காற்றும்தான் வரும். வெயில் இல்லாத அந்த நாட்களில் தெருவுக்கே ஒரு மெத்தனம் வந்துவிடும். மிக்ஸி ஓடும். யாராவது பாட்டுப் போடுவார்கள். வெயிலில்தான் வெடிக்கும், மேகம் போட்டால் பயமில்லை என்று நாங்களாக நினைத்துக்கொள்வோம். மருந்துக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது என்று அந்த போர்மேனே என்னிடம் சொல்லியிருக்கிறார். கேட்ட காதுதான் இது. ஆனாலும் அன்று வானம் இருட்டி, காற்று குளுகுளுவென்று வந்தபோது, காலை பதினொன்றரைக்கே மூன்று தட்டுகளையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன். போனை அடுப்படி மேடையில் வைத்திருந்தேன்.

காற்று எதிராக அடித்தது. எதிர்க்காற்றில் தட்டு தூக்கிக்கொண்டு போகும், அதனால் முனையைக் கொஞ்சம் தாழ்த்தி எறிய வேண்டும். அது பிடிபட்டதும் வெறி வந்துவிட்டது. இருபது அடியிலிருந்து ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாக விழுந்தது. ஏழாவதோ எட்டாவதோ, சங்கிலி அலறிக்கொண்டிருக்கும்போதே, காலுக்குக் கீழே என்னவோ அதிர்ந்தது.

அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். எனக்குக் கேட்கவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதிர்ந்தது. லோடு லாரி போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தேன். இன்னும் பத்து வீச்சாவது எறிந்திருப்பேன்.

கையை உதறிக்கொண்டு கைப்பிடிச் சுவர் பக்கம் வந்தபோதுதான் தெருவைப் பார்த்தேன். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோர் காதிலும் போன் இருந்தது. எதிர்வீட்டு அம்மா மட்டும் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் வெள்ளையாக ஒரு புகை எழுந்து, காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் இரண்டாவது சத்தம் கேட்டது. அது தெளிவாகவே கேட்டது.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியவில்லை. போனில் ஏழு தவறிய அழைப்புகள். ஏழும் இவருடையவை. கையில் எடுத்ததுமே எட்டாவதாக அடித்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார். அழுதுகொண்டிருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அழுது நான் கேட்டதில்லை. "நான்தான். வெளியில நிக்கேன்."

"சரி" என்றேன்.

சாயங்காலம் அவர் வந்தபோது சட்டையெல்லாம் சாம்பல். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். வெடித்தது பக்கத்து யூனிட். சத்தம் கேட்டதும் இவரும் போர்மேனும் சேர்ந்துதான் கேட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். வேன் தயாராக நின்றது. இவர் என்னைக் கூப்பிட்டார், மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை போர்மேன் பொறுக்க மாட்டாமல், "நீங்க பேசிட்டு வாங்க, நான் முன்னால போறேன்" என்று வேனில் ஏறிவிட்டார். அங்கே ஓர் அறைக்குள் ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கதவை இரண்டு கையாலும் தள்ளியிருக்கிறார். அப்போதுதான் இரண்டாவது வெடித்தது. உயிர் இருக்கிறது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ஏன் எடுக்கல?" என்றார்.

"மாடியில இருந்தேன்."

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். மேலே காற்றில் சங்கிலிகள் தாமாக உரசிக்கொள்வது எங்களுக்குக் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "நீ எடுத்திருந்தா நானும் அவரோட போயிருப்பேன். கதவுகிட்ட ரெண்டு பேரும்தான் நின்னுருப்போம்."

எனக்குள் அப்போது வந்தது சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை. அந்த மனுஷர் மதுரையில் கட்டுப் போட்டுக் கிடக்கும்போது, என் புருஷன் முழுக் கையோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்ற சந்தோஷம். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அது அந்தப் போர்மேனுக்காக அழுத அழுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆவணியில், போர்மேனை நாரணாபுரத்து வீட்டில் போய்ப் பார்த்தேன். இவர் கூப்பிட்டும் அதுவரை போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தலையணை மேல் வைத்திருந்தார். தோல் இளஞ்சிவப்பாக, இழுத்துத் தைத்த மாதிரி இருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின. அவர் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அவருக்கு டம்ளரை வாயருகே பிடித்துக் குடிக்கவைத்தார்.

"தீபாவளி லோடு ஏறதுக்குள்ள வந்துருவேம்மா" என்றார். "கை இல்லாட்டி என்ன, கண்ணு இருக்குல்லா. எண்ணி உள்ள விடணும். முதலாளிக்கு ஆளில்லாம செரமமா இருக்கும்."

நான் தலையாட்டினேன். யூனிட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குத்தகைப் பேச்சை அதற்குப் பிறகு இவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போதும் தினமும் எட்டு மணிக்குப் போகிறார்.

"அந்தச் சங்கிலிய என்னம்மா செஞ்சீக?"

"அப்படியே இருக்கு. எறியறதில்ல."

"கை கொஞ்சம் சரியாகட்டும், கயிறு கட்டித் தாரேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். பிறகு, வெகுநாளாக யோசித்து வைத்திருந்ததைக் கேட்பவர் போல முன்னால் சாய்ந்தார்.

"அன்னைக்கு முதலாளி கேட்டுல நின்னது சாமி புண்ணியம். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனேன், போனைக் காதை விட்டு எடுக்கவே இல்ல. யாருகிட்டம்மா அம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்தாக?"

அவர் மனைவி டம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"என்கிட்டத்தான்" என்றேன்.

"நல்லதும்மா" என்றார் அவர், மனசார. "வீட்டுல ஒரு ஆளு போனை எடுத்தா அது எம்புட்டுத் தெம்பு."